இரண்டு முறை டைல்ஸ் போட்டவன் சொல்கிறேன்: பீங்கான் தரையை வாங்குவதும் பார்த்துக்கொள்வதும்

ஒரு மார்ச் மாத ராத்திரி, பதினொரு மணி இருக்கும், எங்கள் ஹாலில் லட்சுமி வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்து விளக்கைப் போட்டால் நடு ஹாலில் நான்கு டைல்கள் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய வீடு, தரை போட்டு நான்கு வருடம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: டைல் மட்டமான சரக்கு, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். மறுநாள் பெயர்த்துப் பார்த்தால் டைலின் முதுகில் ஒரு பொட்டு சிமென்ட்கூட ஒட்டவில்லை, கடையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அந்த நான்கில் மூன்றை இன்றைக்கும் மொட்டை மாடியில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை.

ஆக, டைலில் கோளாறு இல்லை. அதற்கு அடியில் இருந்ததில் கோளாறு, ஓரத்தில் விட வேண்டிய இடைவெளியை விடாததில் கோளாறு. பீங்கான் டைல்ஸ் பற்றிக் கேட்கிற புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: டைலுக்குக் கீழே, டைலுக்கு நடுவே, அல்லது டைலுக்கு மேலே படிந்திருப்பதில். புதிதாக வீடு கட்டுகிறவர்களும், பழைய ஃபிளாட் வாங்கித் தரையை மாற்றப் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், இது என்ன பொருள்?

கடையில் போய் பீங்கான் டைல் வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். நம் ஊரில் அதன் பெயர் விட்ரிஃபைட் டைல்ஸ். வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் எல்லாவற்றையும் பொடியாக்கி, பெரும் அழுத்தத்தில் பலகையாக அழுத்தி, சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளே ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு நடுவே இருந்த துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் உள்ளே போவதில்லை. உறிஞ்சும் நீர் டைலின் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. சுவருக்குப் போடுகிற சாதா செராமிக் டைல் 10 சதவீதத்துக்கும் மேல் குடிக்கும். இந்தியாவில் வருகிற சரக்கில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பெட்டியின் மேல் ஐ.எஸ். 15622 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துக்கொள்ளலாம். டைலைத் திருப்பிப் போட்டு முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செராமிக் என்றால் கண் முன்னால் உறிஞ்சிவிடும். விட்ரிஃபைட் என்றால் சொட்டு அப்படியே நிற்கும்.

விட்ரிஃபைட்டில் மூன்று நான்கு வகை உண்டு. ஜி.வி.டி. என்றால் மேலே டிஜிட்டலில் டிசைன் அச்சடித்துக் கண்ணாடிப் பூச்சு கொடுத்தது. மார்பிள், மரம், சிமென்ட் என்று எந்த முகத்தோடும் வரும். அதையே பளபளவென்று தேய்த்தால் பி.ஜி.வி.டி. டபுள் சார்ஜ் என்றால் மேலே மூன்று நான்கு மி.மீ. கனத்துக்கு நிறமான மண்ணையே தனி அடுக்காக அழுத்தியது, டிசைன் கொஞ்சம்தான் கிடைக்கும், ஆனால் உழைக்கும். ஃபுல் பாடி என்றால் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம், ஓரம் உடைந்தாலும் வெளியே தெரியாது. என் கருத்தைக் கேட்டால், ஆள் நடமாட்டம் அதிகமான ஹாலுக்கும் மாடிப்படி முகப்புக்கும் டபுள் சார்ஜ், படுக்கையறைக்கு உங்களுக்குப் பிடித்த ஜி.வி.டி. குளியலறை, பால்கனி, துணி துவைக்கும் இடம் மூன்றுக்கும் பளபளப்பில்லாத மேட் மட்டும்தான், அதில் பேரமே கிடையாது. வழுக்காத் தன்மைக்கு ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று எண் போட்டிருப்பார்கள், எண் கூடக் கூடக் கால் பிடிக்கும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆர் 10க்குக் குறையாமல் கேளுங்கள்.

என்ன லாபம், என்ன தொல்லை

மார்பிளில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த இடம் மங்கிப்போகும், சாம்பார் கொட்டினால் மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். பீங்கானில் இரண்டும் நடக்காது, சீக்கிரம் துடைத்தால் போதும். வெயில் பட்டு நிறம் போகாது, கறையான் தின்னாது, தண்ணீர் தேங்கினாலும் லேமினேட் மரத்தரை மாதிரி உப்பாது. மார்பிள் போல சில வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் மெஷினை வீட்டுக்குள் விட வேண்டியதும் இல்லை.

ஆனால் டிசம்பர், ஜனவரி பெங்களூர்க் காலையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அவ்வளவு சில். பழைய ரெட் ஆக்சைடு தரையில் நடந்து பழகியவர்களுக்கு இது கல்லாக உறைக்கும். கையிலிருந்து நழுவிய கண்ணாடி டம்ளர் பிழைக்காது. என் அம்மா முதல் நாள் பளபளப்பான ஹாலைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரிதான் இருக்கு, நான் காலை எங்கப்பா வைக்கிறது?" என்றார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஹாலுக்கும் அரைப் பளபளப்பான சாட்டின் அல்லது மேட் எடுங்கள், பளபளப்பு விருந்தாளிக்குத்தான் பிடிக்கும்.

எத்தனை பெட்டி வாங்குவது

இரண்டுக்கு இரண்டு அடி டைல், அதாவது 600க்கு 600 மி.மீ., பெட்டிக்கு நான்கு வரும், 1.44 சதுர மீட்டர், நம் கணக்கில் 15.5 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி, வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 132, அதை 15.5ஆல் வகுத்தால் எட்டரை, ஆகவே ஒன்பது பெட்டி. சுவரோரம் நாலு அங்குலத்துக்கு ஏறும் ஸ்கர்ட்டிங் இந்தக் கணக்கில் இல்லை, அதைத் தனியாகப் போடுங்கள். சாய்வாகப் போடும் டிசைன் என்றால் வீணாவது இன்னும் கூடும். ஒரு பெட்டி கிட்டத்தட்ட 30 கிலோ எடை இருக்கும், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் ஏற்றுக்கூலியை வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு பேசினால் அவர்கள் சொன்னதுதான் விலை.

எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைக் கடையில் பார்க்காதீர்கள், வண்டியிலிருந்து இறக்கும்போது பாருங்கள். ஒரே டிசைன், ஒரே கம்பெனி, ஆனால் வேறு பேட்ச் என்றால் போட்டு முடித்த பிறகு ஹாலில் கோடு போட்ட மாதிரி தெரியும். இன்னொன்று, இரண்டு டைல்களை முகத்தோடு முகம் வைத்து ஓரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய டைலில் துளி வளைவு இருக்கத்தான் செய்யும், நாணயம் நுழைகிற அளவுக்கு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலிஷ் டைல் என்றால் ஒரு பென்சிலால் கிறுக்கி ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கோடு தங்கினால் மேல்புறத்தில் நுண்துளைகள் திறந்திருக்கின்றன, நாளைக்கு அழுக்கும் அங்கேதான் தங்கும்.

போடும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்

எங்கள் வீட்டில் முதல் தடவை தவறியது இங்கேதான். பழைய முறையில் சாந்து பரப்பி, மேலே சிமென்ட் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினார்கள். மொசைக்குக்கும் செராமிக்குக்கும் அது போதும், அவை சிமென்ட் பாலைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் எதையும் குடிக்காது என்றுதானே இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறோம்? அது சிமென்ட் பாலையும் குடிக்காது. காய்ந்ததும் ஒட்டு விட்டுப்போகிறது, வெறும் எடையால் உட்கார்ந்திருக்கிறது. கோடையில் தரை கொஞ்சம் விரியும்போது சுவரோரம் இடம் இல்லாவிட்டால் மேலே எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

இரண்டாவது முறை நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டைல்ஸ் அட்ஹெசிவ் என்று பையில் வரும் பசைதான் வாங்கினோம், சில மேஸ்திரிகள் அதைக் கெமிக்கல் என்பார்கள். ஐ.எஸ். 15477 என்ற எண் பையில் இருக்கும், அதிலேயே வகை ஒன்று, இரண்டு என்று போகும். விட்ரிஃபைட்டுக்கு எந்த வகை என்று பையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள், விலை குறைந்தது என்று செராமிக்குக்கான பையைத் தலையில் கட்டுவார்கள்.

பசை பூசுவதற்கு முன் தரை மட்டமாக இருக்க வேண்டும். பள்ளத்தைப் பசையால் நிரப்புவது என்பது காசைக் குழியில் கொட்டுவது. மட்டத்தைச் சாந்தாலேயே எடுத்து, தண்ணீர் காட்டிக் காயவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டு அப்புறம் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். டைலின் முதுகில் மாவு போல ஒரு வெள்ளைத் தூசி இருக்கும், சூளையில் ஒட்டாமல் இருக்கப் பூசியது. அதை ஈரத்துணியால் துடைக்காமல் பசை வைத்தால் பசை தூசியோடு ஒட்டும், டைலோடு ஒட்டாது. டைலைத் தொட்டியில் ஊறப்போடும் பழக்கம் சிலருக்கு விடாது, விட்ரிஃபைட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பசையைப் பல் வைத்த கரணையால் கோடு கோடாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். நான்கு மூலையில் நாலு உருண்டையும் நடுவில் ஒன்றும் வைத்து அமுக்குகிற வேலையைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள், உருண்டைக்கு நடுவே காற்றுதான் இருக்கும், அதன் மேல் கிரைண்டரின் குழவி விழுந்தால் டைல் போச்சு. இரண்டுக்கு நாலு அடி போன்ற பெரிய டைல் என்றால் தரையிலும் பூச வேண்டும், டைல் முதுகிலும் மெல்லிசாகப் பூச வேண்டும். முதல் இரண்டு மூன்று டைல்கள் வைத்ததும் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். மேஸ்திரிக்குக் கோபம், "நம்பிக்கை இல்லையா அண்ணா?" என்றார். நம்பிக்கை இருக்கிறது, முதுகையும் பார்த்துவிடுவோம் என்றேன். முக்கால் பாகம்தான் பசை பட்டிருந்தது. அதற்கப்புறம் அவரே கூடுதலாகப் பூசினார், மதியம் டீ சொன்னதும் கோபமும் போய்விட்டது.

இடைவெளி விஷயம். கடையில் ஜாயின்ட் ஃப்ரீ என்று சொல்லித்தான் விற்பார்கள். ஓரத்தை அளவாக வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள், ஒட்டி ஒட்டிப் போடலாம் என்பதில்லை. டைலுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் ஸ்பேசர் இரண்டு மி.மீ. அளவிலாவது வைத்தே தீர வேண்டும், மூன்று என்றால் இன்னும் நிம்மதி. சுவரோரம் சுற்றிலும் ஐந்தாறு மி.மீ. விடுங்கள், ஸ்கர்ட்டிங் வந்து அதை மூடிவிடும், யாருக்கும் தெரியாது. அந்த ஐந்தாறு மி.மீ. இல்லாததுதான் அன்றைக்கு ராத்திரி எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது.

ஒரு நாள் முழுக்கக் கால் வைக்காமல் விட்டு, அப்புறம் இடுக்கு அடைக்கலாம். வெள்ளை சிமென்ட்டைத் தேய்த்து அடைப்பது மலிவு, ஆறு மாதத்தில் பழுப்பாகி ஒரு வருடத்தில் உதிர்ந்து எறும்புக்கு வழி விடும். குறைந்தது பாக்கெட்டில் வரும் சிமென்ட் கிரவுட்டாவது, அதாவது இடுக்கு அடைக்கும் கலவையாவது, போடுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போடுங்கள். விலை கூடத்தான், ஆனால் எண்ணெயும் மஞ்சளும் ஏறாது. எபாக்சியில் ஒரு எச்சரிக்கை: டைல் மேல் படிந்த பிசுக்கை அது கெட்டியாவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அது அங்கேயே குடியிருக்கும். வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வேலை செய்பவரின் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள், கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கிரகப்பிரவேசம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோமகுண்டத்தை நேராகப் புது டைல் மேல் வைத்தால் ஓரிடம் மட்டும் சூடேறி விரிசல் விடும், சில நேரம் சத்தத்தோடு. அடியில் மணல் பரப்பி, அதன் மேல் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அதன் மேல் குண்டத்தை வையுங்கள். பால் காய்ச்சும் அடுப்புக்கும் அதேதான். பெங்களூரில் பசுமாட்டை உள்ளே அழைத்து வருகிற வழக்கம் உண்டு, பாலிஷ் டைலில் மாட்டுக்குக் குளம்பு நிற்காது. வாசலிலிருந்து கோணிச்சாக்கு விரித்துக் கூட்டி வாருங்கள், மாட்டுக்கும் நல்லது, டைலுக்கும் நல்லது.

தினசரிப் பராமரிப்பு

பீங்கானுக்குப் பெரிய எதிரி மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கெட்டித்தன்மையில் டைல் அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலேயே இருக்கும். அது செருப்பில் ஒட்டி உள்ளே வந்து, நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் வேலை பார்க்கும், முதலில் மங்குவது சாப்பாட்டு மேஜையைச் சுற்றியுள்ள இடம்தான். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று, நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டு. இந்த மூன்றும் எந்தப் பாலிஷை விடவும் உதவும். பெருக்காமல் துடைக்கவே கூடாது, பெருக்காமல் துடைப்பது மணலை ஈரமாக்கித் தேய்ப்பது.

துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். வாரத்தில் இரண்டு நாள் அமிலமும் காரமும் இல்லாத ஃப்ளோர் கிளீனர், பாட்டிலில் எழுதிய அளவில் பாதி. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பினாயிலைத் தீர்த்தம் மாதிரி தாராளமாக ஊற்றுவார், வாசனை வந்தால்தான் சுத்தம் என்பது அவர் கட்சி. விளைவு, தரை முழுக்க மெல்லிய சோப்புப் படலம், நடந்த இடமெல்லாம் கால் தடம். டைல் மங்கிவிட்டது என்று பலர் சொல்வது இந்தப் படலத்தைத்தான். வெந்நீரில் எதுவும் கலக்காமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து துடைத்துப் பாருங்கள், பழைய முகம் திரும்பி வரும்.

அடுத்தது தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் பிரச்சினை குறைவு. போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு அதிகம், ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் விடும். துடைத்ததும் உலர்ந்த துணியால் இன்னொரு முறை இழுத்துவிடுங்கள். படிந்துவிட்ட வெள்ளைக்கு ஒரு பங்கு வினிகருக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிவிடுங்கள். அதையும் தினமும் செய்ய வேண்டாம், சிமென்ட் கிரவுட்டை அரிக்கும்.

ஆசிட் பாட்டிலைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். டைல் அதைத் தாங்கும், இடுக்கு தாங்காது, கதவுக் கீல், குழாய், சிங்க் எல்லாம் அதன் ஆவியிலேயே கறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கறைகள்

மஞ்சள், சாம்பார், காபி டிகாக்‌ஷன் எல்லாம் டைல் மேல் நிற்காது, இடுக்கில்தான் நிற்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து இடுக்கில் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். விளக்கெண்ணெய் பிசுக்குக்கு வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும்; பூஜை விளக்குக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்தால் இந்த வேலையே இல்லை.

கோலம் போடுகிற வீடா? மேட் டைலின் சொரசொரப்பில் ஈர மாவு போய் உட்காரும், நைலான் பிரஷில் போய்விடும். காவிதான் தொல்லை, இரண்டு நாள் விட்டால் ஓரத்தில் செம்மை தங்கிவிடும். காவி இட வேண்டும் என்றால் வாசல் படியில் மட்டும் ஒரு கல் பலகை பதித்துக்கொள்வது புத்திசாலித்தனம், எதிர்வீட்டுப் பாட்டி அப்படித்தான் செய்திருக்கிறார்.

சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வளையம் விழும். எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போகும், இல்லாவிட்டால் ஆக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கியைக் கையுறை போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். இரும்பு பீரோவை இழுத்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் உடனே மனம் உடையாதீர்கள், பல நேரம் அது கீறல் கிடையாது. டைல் இரும்பைவிடக் கெட்டி, இரும்புதான் தேய்ந்து அதன் மேல் ஒட்டியிருக்கும். சமையல் சோடாக் குழம்பால் பொறுமையாகத் தேய்த்தால் மறைந்துவிடும். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் சொரசொரப்பான பொடியும் மட்டும் வேண்டாம், பாலிஷ் போய்விடும். மெழுகு பூசுவதும் வேண்டாம், உள்ளே இறங்க இடம் இல்லாததால் மேலேயே நின்று வழுக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை

ஒரு ரூபாய் நாணயத்தையோ கரண்டிக் காம்பையோ வைத்து ஹாலைத் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. டொக் டொக் என்று பானையைத் தட்டியது போல வந்தால் அடியில் வெறுமை. ஒரு மூலையில் மட்டும் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், கனமான சாமானை அங்கே வைக்காமல் இருந்தால் போதும். ஒரே வரிசையில் நாலைந்து டைல் அப்படி ஒலித்தால், வெயில் காலம் வருவதற்கு முன்பே ஆளை வரச்சொல்லி அந்த வரிசையை எடுத்துப் போடுங்கள். இடுக்கைக் கட்டரால் முதலில் வெட்டிவிட்டுத்தான் டைலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து டைலின் ஓரமும் சேர்ந்து பெயரும்.

அப்போது மாற்றுவதற்கு அதே பேட்ச் டைல் வேண்டுமே. இரண்டு வருடம் கழித்து அந்த டிசைனே கடையில் இருக்காது. நான் இரண்டாவது முறை ஒரு முழுப் பெட்டி எடுத்து வைத்தேன், ஒன்று ஏ.சி. மாட்ட வந்தவரின் டிரில் மெஷின் விழுந்து உடைந்த டைலுக்குப் போனது. மீதி மூன்றும் கட்டிலுக்கு அடியில் பெட்டி லேபிளோடு இருக்கின்றன. பரணில் வைக்காதீர்கள், கனம் அதிகம்.